முஷ்டியுத்தமும் முதலாளியும்

ஜுருவிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் தேநீர்க்கடைகளில் அமர்ந்து பழங்கதை பேசும் பெரியவர்கள், 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகம்மது அலி ஜோ பக்னரோடு மோதிய வைபவத்தை நேற்று நடந்ததுபோல வர்ணிப்பார்கள். ஆனால் வெயில் கொளுத்தும் காலை வேளையில், திறந்த வெளியில், பதினைந்து சுற்றுப் போட்டியை வைத்த புண்ணியவான் யார் என்று மட்டும் அவர்கள் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் இரவு. அங்கே திரைமுன் அமர்ந்த ரசிகர்களின் சௌகரியத்தை உத்தேசித்தே நம் ஊர்க் காலை நிச்சயிக்கப்பட்டது.

இவ்விதம் இடத்தையும் நேரத்தையும் எதிராளியையும் தீர்மானிப்பவரே புரமோட்டர். கால்பந்துக்குச் சங்கமும் அட்டவணையும் உண்டு. எந்தக் குழுவும் தனக்குப் பிடிக்காத எதிரியைத் தவிர்த்துவிட்டுக் கோப்பையைத் தூக்க முடியாது. தொழில்முறைக் குத்துச்சண்டையிலோ அத்தகைய ஒற்றைப் பீடம் இல்லாமையால், முதல் போட்டு, அரங்கம் பிடித்து, தொலைக்காட்சியோடு பேரம் முடித்து, நஷ்டத்தையும் தலையில் ஏற்றுக்கொள்பவரின் விருப்பமே விதியாகிறது. இளம் வீரனைத் தொடக்கத்திலேயே சிங்கங்களின் முன் தள்ளாமல், வலுக்குறைந்தவர்களோடு மோதவிட்டு வளர்ப்பது அவர் செய்யும் நல்ல காரியந்தான். வினை என்னவெனில், தோல்வியறியாத அந்தக் கணக்கே பிறகு மூலதனமாகிவிடுகிறது. மூலதனத்தை யார் துணிந்து பணயம் வைப்பார்?

பக்னரை அலி 1973-லேயே ஒருமுறை வென்றிருந்தார். கோலாலம்பூரில் மறுபடியும் புள்ளிக் கணக்கில் வென்றார். பக்னர் தற்காப்பிலேயே பொழுதைக் கழித்ததால், பெயர் பெரிதாயினும் ஆட்டம் சாமானியமாகவே முடிந்தது. மூன்றே மாதங்களில் மணிலாவில் ஜோ பிரேசியர் என்ற வீரரோடு அலிக்கு நடந்தது பதினான்கு சுற்று நரகம். எதிராளியின் தேர்வு எவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது!

டான் கிங் என்ற பிரசித்தி பெற்ற புரமோட்டர், 1973-இல் ஜமைக்காவில் அப்போதைய சாம்பியன் பிரேசியரின் பரிவாரத்தோடு அரங்கத்துக்குள் போய், பிரேசியர் விழுந்ததும் அவரை வென்ற ஜார்ஜ் போர்மனின் பரிவாரத்தோடு வெளியே வந்ததாகத் தாமே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். நகைப்புக்குரிய கதைதான், எனினும் அந்தத் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. சாம்பியனோடு மோத வாய்ப்பு வேண்டுமானால், வென்றபின் வரும் போட்டிகளையும் சாம்பியனின் புரமோட்டரிடமே ஒப்புக்கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனை இருந்தால், யார் தோற்றாலும் அவருக்கு நஷ்டமில்லை. அமெரிக்கா 2000-இல் அலியின் பெயராலேயே ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய நிர்ப்பந்த ஒப்பந்தங்களுக்குக் கால வரம்பு விதித்தது. போட்டியில் தாம் பெறும் வருமானத்தைப் புரமோட்டர் வீரனிடம் தெரிவிக்க வேண்டுமென்றும் சொன்னது.

சட்டத்தால் வழக்கம் மாறிவிடவில்லை. மேவெதர், பக்கியாவ் என்ற இரு முன்னணி வீரர்களும் மோத வேண்டுமென்று உலகமே கேட்டது; 2009-இன் இறுதியில் தொடங்கிய பேச்சு முதலில் ரத்தப் பரிசோதனைத் தகராறில் முறிந்தது. புரமோட்டர் பாப் ஆரமுக்கும் அவரைவிட்டுப் பிரிந்த மேவெதருக்கும் இருந்த பகையும், இரு தொலைக்காட்சிகளின் போட்டியும் சேர்ந்து அதை இழுத்தடித்து, 2015 மே மாதந்தான் மேடையேற்றின. அப்போது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. பணம் மழையாய்க் கொட்டியது, ஆட்டத்தில் சாரமில்லை.

அதே பக்கியாவ் 2018 ஜூலை 15-ஆம் தேதி நம் கோலாலம்பூருக்கு வந்தபோது, தம் சொந்த நிறுவனத்தின் மூலம் தாமே புரமோட்டராகவும் இருந்தார். எதிரே நின்ற மாத்தீஸேயின் பக்கத்துப் புரமோட்டரோ, முன்பு பக்கியாவிடமே தோற்று ஓய்வுபெற்ற டி லா ஹோயாவின் நிறுவனம். ஏழாவது சுற்றில் மாத்தீஸே வீழ்ந்தார். அவர் இழந்த உலகப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தப் பட்டத்தை வழங்கிய சங்கமே அதே எடைப் பிரிவில் கீத் தர்மன் என்பவரை அதற்கும் மேலான சாம்பியனாக வைத்திருந்தது. தர்மனோ, போட்டிகளை ஏற்பாடு செய்யும் ஆல் ஹேமன் என்பவரின் முகாமைச் சேர்ந்தவர். அவ்வாண்டு இறுதிக்குள் பக்கியாவும் ஹேமனோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். இருவரும் ஒரே குடைக்கீழ் வந்தபின், 2019 ஜூலையில் லாஸ் வேகாஸில் மோதினார்கள். 40 வயதுப் பக்கியாவ் முதல் சுற்றிலேயே தர்மனைத் தரையில் உட்காரவைத்து, பன்னிரண்டு சுற்றும் ஆடி வென்றார்.