வீட்டுக் கணினியும் ஓய்வுபெற்றோர் மன்றமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பிய பெரியவர்கள் நமது கிராமங்களில் அநேகர் உளர். பாடசாலைகளிலும், இராணுவத்திலும், இரயில்வேயிலும், தபால் இலாகாவிலும் பல்லாண்டு உழைத்தவர்கள் இவர்கள். இவர்களுள் பலருடைய வீடுகளில் இன்று ஒரு கணினி இருக்கிறது. அது வெளியூரிலுள்ள மகனோ மகளோ வாங்கித் தந்ததாக இருக்கலாம். அல்லது 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ் பேரப்பிள்ளை பெற்று வந்ததாக இருக்கலாம். ஆயினும் அந்த யந்திரம் பெரும்பாலும் துணி போர்த்தப்பட்டு அலமாரியில் உறங்குகின்றது. காரணம் வினவினால், "பழையதாகிவிட்டது" என்பார் சிலர், "தவறாக எதையேனும் அழுத்திவிட்டால் என் செய்வது?" என்பார் பலர். இவ்விரண்டு தடைகளுக்கும் மருந்து ஒன்றுதான். அது கூடிக் கற்றல்.

கூடிக் கற்றலின் பயன்

இது புதிய கருத்தன்று. 1956ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன், அன்றைய பம்பாய் இராஜ்யத்தைச் சேர்ந்த 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்துச் சோதனை நடத்திற்று. விவசாயிகள் குழுவாக அமர்ந்து நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டபின் அதைப் பற்றி விவாதித்தனர். வானொலிப் பெட்டி மட்டும் இருந்த கிராமங்களைக் காட்டிலும் மன்றம் இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு மிகுதியாக வளர்ந்தது என்பது ஆய்வில் புலனாயிற்று.

கணினியின் வரலாறும் இதையே கூறும். 1975ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஒரு வீட்டின் மோட்டார்க் கொட்டகையில், கணினி ஆர்வலர் சிலர் கூடி 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்' என்னும் மன்றத்தைத் தொடங்கினர். ஒருவர் கண்டறிந்ததை மற்றவருக்கு மறைக்காமல் காட்டுவதே அங்கு வழக்கம். ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணினியை உருவாக்கிய ஸ்டீவ் வாஸ்னியாக் அம்மன்றத்தின் அங்கத்தினரே. 1986ஆம் ஆண்டில் அதே மாநிலத்தில், முதியோருக்குக் கணினி கற்பிக்கும் முயற்சியாக 'சீனியர்நெட்' என்னும் அமைப்பு தோன்றிற்று. ஆகவே, முதியோர் கூடிக் கணினி பயில்வது சுமார் நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வரும் காரியம்.

ஒரு கிராமத்து மன்றம்

நமது வட்டாரத்துப் பஞ்சாயத்து ஒன்றில் ஓய்வுபெற்றோர் பதினொருவர் சேர்ந்து இத்தகைய மன்றம் ஒன்றை நடத்தி வருகின்றனர். பஞ்சாயத்து நூலகக் கட்டடத்தில் புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடுகின்றனர். அவரவர் தத்தம் மடிக்கணினியுடன் வருவர். வாரத்துக்கு ஒருவர், தாம் கற்ற ஒரு செய்தியை மற்றவர்க்குச் செய்து காட்ட வேண்டும். அது நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைக்கப்படும். அந்நோட்டிலிருந்து எல்லோருக்கும் பயன்படக் கூடிய சிலவற்றை இங்கே தருகிறோம்.

பழைய யந்திரத்துக்குப் புது வாழ்வு

கணினி மந்தமாக இயங்குவதற்கு முக்கியமான காரணம் அதனுள் சுழலும் பழைய வகை வன்தட்டு ஆகும். அதை நீக்கிவிட்டு, அசையும் உறுப்பு எதுவும் இல்லாத 'எஸ்.எஸ்.டி.' என்னும் சேமிப்பகத்தைப் பொருத்தினால், பத்தாண்டு கடந்த யந்திரமும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். நினைவகம் குறைவாயின் அதையும் கூட்டிக் கொள்ளலாம். ஆனால் மடிக்கணினியின் மின்கலம் உப்பிக் காணப்பட்டால், உபயோகத்தை உடனே நிறுத்தி அதை மாற்றிவிட வேண்டும். அது தீப்பற்றக் கூடும்.

அடுத்தது இயங்குதளம். 2009ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 7-க்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. 2015ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. ஆதரவு முடிந்ததால் யந்திரம் நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். பூட்டுப் பழுதான வீட்டில் நகையை வைப்பது போன்றதே அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது.

பழைய யந்திரங்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்காக அவற்றை எறிந்துவிட வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இன்று பலவிதமாக இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகையே. 'லினக்ஸ் மின்ட்' என்பதும் புதியவர்களுக்கு எளிது. இவற்றை ஒரு பென் டிரைவில் பதிந்து, கணினியில் உள்ளவற்றைத் தொடாமலே இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மட்டும் நிலையாக ஏற்றிக் கொள்ளலாம்.

விதை நெல்லைக் காப்பது போல

மேற்படி மன்றத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நாட்டு நெல் இரகங்களைப் பற்றி முதிய விவசாயிகளிடம் கேட்டறிந்த குறிப்புகளை மூன்று ஆண்டுகளாகத் தட்டெழுதி வந்தார். ஒருநாள் வன்தட்டு பழுதாயிற்று. வேறு பிரதி கிடையாது, அத்தனையும் போயின. குறிப்புத் தந்தவர்களுள் இருவர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

அன்று முதல் மன்றத்தில் ஒரு விதி உண்டு. முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் வேண்டும்; அவை இருவேறு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும்; ஒன்றாவது வேறு இடத்தில் இருத்தல் வேண்டும். உதாரணமாக, ஒன்று கணினியில், மற்றொன்று பென் டிரைவில், மூன்றாவது வெளியூரிலுள்ள மகள் வீட்டில். விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் போட்டு வைக்கும் விவசாயி உண்டோ? மேலும், இடி மின்னல் காலத்தில் கணினியின் மின் இணைப்பையும், இணையக் கம்பி இருப்பின் அதையும், பிடுங்கி வைத்தல் நலம். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

தமிழில் எழுதலாம்

ஆங்கிலம் அறியாதார்க்குக் கணினி இல்லை என்பது தவறு. தமிழக அரசு 1999ஆம் ஆண்டில் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையை ஏற்றது. இதில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். பழைய தட்டச்சில் பழகியவர்களுக்கு அந்த விசையமைப்பும் மென்பொருளில் கிடைக்கிறது.

இணையப் பக்கத்தில் எழுத்துச் சிறிதாகத் தோன்றினால், கண்ட்ரோல் விசையை அழுத்திக் கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் எழுத்துப் பெரிதாகும். தவறாக எதையேனும் அழித்துவிட்டால், கண்ட்ரோல் விசையுடன் இசட் எழுத்தை உடனே அழுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். இந்த ஒன்றைக் கற்ற மாத்திரத்தில் பல பெரியவர்களுடைய பயம் பாதி நீங்கிற்று.

மன்றத்தினர் தமக்காக மட்டும் கற்பதில்லை. பட்டா, சிட்டா ஆகியவற்றை அரசின் இணையத்தளத்தில் பார்க்க விரும்பும் விவசாயிகளுக்கு அருகிருந்து உதவுகின்றனர். 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ஜீவன் பிரமாண்' என்னும் உயிர்ச்சான்று முறையை ஏனைய பென்ஷன்தாரர்களுக்கு விளக்குகின்றனர்.

ஒரு புதன்கிழமை நிகழ்ச்சி

சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமையன்று, தபால் இலாகாவில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அங்கத்தினர் ஒருவர் மன்றத்துக்கு வரவில்லை. ஒரு வாரமேனும் தவறாதவர் அவர். தொலைபேசியில் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நண்பர் இருவர் அவர் வீட்டுக்குச் சென்றனர்.

அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக் கொண்டு கணினியின் முன் அமர்ந்திருந்தார். திரையில் போலீஸ் உடை தரித்த ஒருவன் தோன்றினான். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப் பொருள் இருந்ததாகவும், அவர் 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டிருப்பதாகவும், யாரிடமும் பேசலாகாது என்றும் மிரட்டி, காலை முதல் அவரை நகரவிடாமல் வைத்திருந்தான். மனைவியின் சிகிச்சைக்கென்று சேர்த்து வைத்திருந்த தொகையை வேறொரு கணக்குக்கு மாற்றும் தறுவாயில் அவர் இருந்தார்.

நண்பர்கள் கணினியை அணைத்தனர். "ஐயா, இது மோசடி" என்றனர். அன்றிரவு வரை அவர் நம்பவில்லை. பின்னர் நம்பினார்; பணம் தப்பிற்று.

டிஜிட்டல் கைது என்பது நமது நாட்டின் எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் பிரதம மந்திரியும் இதைத் தெளிவுபடுத்தினார். எந்தப் போலீஸ் அதிகாரியும் வீடியோவில் விசாரித்துப் பணம் கேட்க மாட்டார். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் கூறலாகாது. பணம் பெறுவதற்கு ரகசியப் பின் எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதமின்றித் தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

மோசக்காரனின் முதற் கட்டளை, "யாரிடமும் சொல்லாதே" என்பதாகும். தனித்திருப்பவரே அவனுக்கு இலக்கு. வராதவரைத் தேடிச் செல்லும் நண்பர்கள் இருக்குமிடத்தில் அவன் ஜம்பம் செல்லாது.

பஞ்சாயத்துக்கள் செய்யத்தக்கவை

இத்தகைய மன்றத்துக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. நூலகக் கட்டடத்திலோ சமுதாயக் கூடத்திலோ வாரம் ஒரு மாலை ஓர் அறை, போதிய மின்செருகிகள், குடிநீர், ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை போதும். கிழமையும் நேரமும் மாறாதிருத்தல் மிக அவசியம். பெண்களும் தயக்கமின்றி வந்து சேர வழி செய்தல் வேண்டும். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து ஐயங்களைத் தீர்த்தால் இன்னும் நன்று.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைத்து, ஊரிலுள்ள ஓய்வுபெற்றோரின் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பார்களாக. அலமாரியில் உறங்கும் மடிக்கணினிகளை முதற் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்களாக. துணியை நீக்கித் தூசி தட்டினால், அவற்றுள் பல மீண்டும் இயங்கும் என்பது நமது வட்டாரத்தில் கண்ட அனுபவம்.