வாலைத் தலையாக்கும் அறை

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வாங்கோ. வெள்ளவத்தையில் 155 பஸ் ஏறி, நசுங்கி, வியர்த்து, கொட்டாஞ்சேனையில் இறங்கியது இந்த மாடியறைக்காகத்தான். நாம் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிற போன் செய்திகள் சில இங்கேதான் வெட்டுப்படுகின்றன!

மேசையைப் பாருங்கோ. பாதி குடித்த பிளேன்டீ மூன்று, சார்ஜர் வயர்ச் சிக்கல், ரோல்ஸ் சுற்றிவந்த எண்ணெய்த் தாள். அந்தத் தாளிலும் ஒரு தலைப்பை எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருக்கிறார்கள். மின்விசிறி திரும்பும்போதெல்லாம் 'டக்' என்கிறது. யாரும் நிமிர்வதில்லை.

புதிதாக வந்த தங்கச்சிக்கு இன்று பயிற்சி: நீர்வெட்டு அறிவித்தல். அவள் முதல் வரி: "தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினால் மேற்கொள்ளப்படவுள்ள அத்தியாவசியத் திருத்த வேலைகள் காரணமாக..." திரை நிரம்பிவிட்டது. தண்ணீர் இன்னும் நிற்கவில்லை!

"பிள்ளை, இனி வாளி நிரப்பக் காலம் இல்லை," என்கிறார் மூத்த உதவி ஆசிரியர். அறை குலுங்குகிறது. அவளும் சிரிக்கிறாள், காது மட்டும் சிவந்திருக்கிறது.

இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யேக்கப் நீல்சன் 1997 இலேயே சோதித்துச் சொன்ன விஷயம் இது: திரையில் 79 வீதமானோர் மேய்கிறார்கள்; சொல் சொல்லாக வாசிப்பவர்கள் 16 வீதம்தான். 2006 இல் கண்ணசைவைப் பின்தொடர்ந்தபோது, பார்வை மேலே இரண்டு தரம் குறுக்கே ஓடிவிட்டு இடது ஓரமாக வழுக்கி இறங்கியது. தமிழுக்கு அங்கேதான் வில்லங்கம். நம் வசனம் சேதியை வாலில் முடிந்து வைத்திருக்கும். வழுக்குகிற கண்ணுக்குச் சபையின் பெயர்தான் அகப்படும்.

ஆகவே வாலைப் பிடித்து முன்னே இழுக்கிறார்கள். 'கொழும்பு 13, 14, 15: இன்றிரவு தண்ணீர் இல்லை.' சபை கீழே போகிறது. காரணம் அதற்கும் கீழே. என் கண் தன்பாட்டில் கொழும்பு 6 ஐத் தேடியது, இல்லை. வெள்ளவத்தை தப்பிவிட்டது!

"ஈய எழுத்துக் காலத்தில ஒரு பத்திக்குள்ள தலைப்பை அடக்கச் சொல்லி உயிரை எடுப்பாங்கள்," என்கிறார் அந்த மூத்தவர், போனை ஆட்டியபடி. "இதுவும் அதே பத்திதான். விளக்குப் போட்டிருக்கு." 1930 இல் தொடங்கிய வீரகேசரி நெடுங்காலம் இயங்கிய கிராண்ட்பாஸ் இங்கிருந்து கொஞ்சத் தூரம்தான். இந்தப் பக்கத்துக் காற்றுக்கே அச்சுமை பழக்கம் போலும்.

கடைசிப் பரீட்சை தேத்தண்ணி கொண்டுவரும் அண்ணனுக்கு. தங்கச்சி போனை நீட்டி, மூன்று எண்ணிப் பிடுங்கிவிடுகிறாள்.

"என்ன கண்டீங்க அண்ணே?"

"தண்ணி இல்ல. பதின்மூணு."

"எத்தனை மணியில இருந்து?"

"அதுக்குள்ளதான் புடுங்கிட்டீங்களே!"

'இரவு 8 மணி முதல்' என்பது பாய்ந்து தலைப்பில் ஏறுகிறது. கைதட்டல். அண்ணனைக் காணோம். கீழே குழாய் திறக்கும் சத்தம், பிறகு வாளி நிரம்பும் சத்தம்.

'பயிற்சிப் பிரதி' என்பதைக் கடைசி வரியில் அல்லவா போட்டிருந்தார்கள்!