பாலுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

கடையில் வாங்கும் பால் உறையைக் கவனித்துப் பாருங்கள். 'சமன்படுத்திய பால்', 'நிலைப்படுத்திய பால்', 'நிறைகொழுப்புப் பால்' என்று ஏதேனும் ஒரு பெயர் அச்சிட்டிருக்கும். இவற்றிடையே என்ன வேறுபாடு?

பாலில் பெரும்பகுதி நீரே. எஞ்சியவற்றில் கொழுப்பு ஒரு பங்கு. புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை சேர்ந்த 'கொழுப்பற்ற திடப்பொருள்' மற்றொரு பங்கு. பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 விழுக்காடு. எருமைப்பாலிலோ 6 முதல் 8 விழுக்காடு வரை இருக்கும். பல ஊர்ப் பாலும் வந்து சேரும் பால் பண்ணையில், வேகமாகச் சுழலும் இயந்திரம் கொழுப்பைப் பாலேடாகப் பிரித்துவிடுகிறது. பின்னர் வேண்டிய அளவு கொழுப்பு இருக்குமாறு பாலைக் கலந்து அமைக்கிறார்கள்.

இந்தியாவில் இருக்க வேண்டிய குறைந்த அளவு கொழுப்பு:

நிறைகொழுப்புப் பால் - 6 விழுக்காடு
நிலைப்படுத்திய பால் - 4.5 விழுக்காடு
சமன்படுத்திய பால் - 3 விழுக்காடு
இருமுறை சமன்படுத்திய பால் - 1.5 விழுக்காடு

அப்படியானால் சமன்படுத்திய பால் தண்ணீர் கலந்த பால்தானா? இல்லை. வெறும் தண்ணீர் கலந்தால் புரதமும் குறைந்துவிடும். இங்கோ, எருமைப்பாலில் நீருடன் கொழுப்பு நீக்கிய பால்பொடியையும் சேர்ப்பதால், கொழுப்பற்ற திடப்பொருள் 8.5 விழுக்காட்டுக்குக் குறைவதில்லை. பாலுக்குத் தட்டுப்பாடு நிலவிய 1940களில், பம்பாயில் தாரா குரோடி இம்முறையைப் புகுத்தினார். ஏழைகளுக்கும் எட்டும் விலையில் பால் கிடைக்க அது வழிசெய்தது.

அடுத்தது கிருமிகள். காசநோய் போன்ற நோய்களின் கிருமிகள் பச்சைப் பால் வழியே பரவக்கூடும். பாஸ்டர் 1860களில் திராட்சை மதுவுக்குக் கையாண்ட வெப்ப முறையைப் பாலுக்கும் பயன்படுத்தலாம் என்று 1886இல் ஜெர்மானிய வேதியியலார் சாக்ஸ்லெட் கூறினார். பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி உடனே குளிர்விப்பதே 'பாஸ்டர் முறை'. நோய்க்கிருமிகள் இதில் மடிகின்றன. பாலைப் புளிக்கச் செய்யும் சில நுண்ணுயிர்கள் பிழைத்துக்கொள்கின்றன. சுமார் 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி, கிருமியற்ற அட்டைப் பெட்டியில் அடைத்த பாலோ திறக்கும்வரை பல மாதங்கள் கெடாது.

உறைப் பாலைக் காய்ச்ச வேண்டுமா? தொடர்ந்து குளிரிலேயே இருந்தால் அவசியமில்லை. ஆனால் வெயிலில் நெடுநேரம் கிடந்திருந்தால், பிழைத்த நுண்ணுயிர்கள் பெருகிப் பாலில் அமிலத்தை உண்டாக்கும். அமிலமும் சூடும் சேரும்போது புரதம் திரண்டுவிடும். காய்ச்சும்போது பால் திரிவது இதனால்தான். ஆகவே வாங்கியவுடன் காய்ச்சுங்கள், அல்லது குளிர்பெட்டியில் வையுங்கள். கறந்த பாலையோ காய்ச்சாமல் அருந்தவே கூடாது.