வாங்கியவருக்கே சொந்தமா? - திறன்பேசியும் திருத்தும் உரிமையும்

நமது வீடுகளில் உம்மாவோ உம்மும்மாவோ பாவிக்கும் தையல் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். பட்டி அறுந்தால் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். ஊசி முறிந்தாலும் பொபின் தேய்ந்தாலும் கடையில் வேறு கிடைக்கும். பல வருடங்கள் கழிந்தும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதே வீட்டில், மூன்று வருடங்களுக்கு முன் வாங்கிய திறன்பேசி, மின்கலம் பலவீனமடைந்த ஒரே காரணத்தால் மேசை லாச்சிக்குள் கிடக்கும். “திருத்துவதை விடப் புதிதாக ஒன்று வாங்குங்கள்” என்று கடைக்காரர் சொல்லிவிட, நாமும் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

தையல் இயந்திரத்துக்கு உள்ள வாய்ப்பு திறன்பேசிக்கு ஏன் இல்லை? அதன் தொழில்நுட்பம் நுணுக்கமானது என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமல்ல. திருத்துவதற்குத் தடையாக உற்பத்தியாளர்களே வைத்த பூட்டுகளும் உண்டு.

முதலாவது பூட்டு கண்ணுக்குத் தெரியும். முன்பு கையடக்கத் தொலைபேசியின் பின்மூடியை நகத்தால் கழற்றி மின்கலத்தை மாற்றினோம். இன்று மூடியும் மின்கலமும் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. சாதாரண திருப்புளிக்கு அசையாத விசேட திருகாணிகளும் பயன்படுத்தப்படுகின்றன. இரண்டாவது பூட்டு, அசல் உதிரிப்பாகங்களையும் திருத்தும் வழிகாட்டிகளையும் தமது சேவை நிலையங்களுக்கு மட்டும் வழங்குவது. மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது: மென்பொருள் பூட்டு.

திரை, கெமரா, மின்கலம், விரலடையாள உணரி போன்ற பாகங்களுக்குத் தனித்தனித் தொடரிலக்கம் உண்டு. தொழிற்சாலையில் அந்த இலக்கங்கள் குறித்த திறன்பேசியின் பிரதான பலகையோடு இணைத்துப் பதியப்படுகின்றன. பின்னர் ஒருவர் பாகத்தை மாற்றினால், மென்பொருள் அதன் இலக்கத்தைச் சரிபார்க்கும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை காட்டும், அல்லது சில வசதிகளை நிறுத்திவிடும். ஒரே மாதிரியான இரண்டு புதிய திறன்பேசிகளுக்கிடையில் அசல் பாகங்களை மாற்றினாலும் இது நிகழலாம். கை வேலையில் குறை இல்லை, பாகத்திலும் குறை இல்லை. உற்பத்தியாளரின் அனுமதி மட்டுமே இல்லை.

இதன் விளைவை உலகம் அறிந்தது ‘பிழை 53’ விவகாரத்தின் மூலமாகும். ஐபோன் 6 பாவித்த சிலர், வெளிக் கடைகளில் திரையையோ விரலடையாளப் பொத்தானையோ மாற்றியிருந்தனர். திறன்பேசிகளும் இயங்கின. பின்னர் மென்பொருளை இற்றைப்படுத்தியபோது ‘பிழை 53’ என்ற அறிவித்தல் தோன்றி, அவை அடியோடு செயலிழந்தன. உள்ளேயிருந்த புகைப்படங்களையும் எடுக்க முடியவில்லை. பாதுகாப்புச் சோதனையே காரணம் என அப்பிள் நிறுவனம் விளக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் 2016 பெப்ரவரியில் மன்னிப்புக் கோரி, அதைச் சீராக்கும் மென்பொருளை வெளியிட்டது. வெளியாரிடம் திருத்தியதால் பரிகாரம் கிடையாது என்று குறைந்தது 275 அவுஸ்திரேலிய வாடிக்கையாளர்களுக்குக் கூறியமைக்காக, 2018இல் அந்நாட்டு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டப்பணம் விதித்தது.

உற்பத்தியாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. லித்தியம் அயன் மின்கலம் துளைபட்டால் தீப்பற்றலாம். தரமற்ற பாகம் ஆபத்தானது. நீர் புகாதிருக்கப் பசை உதவுகிறது. விரலடையாள உணரியை ஒருவர் தீய நோக்கத்தோடு மாற்றிவிடக் கூடாது என்பதும் சரியே. ஆனால் ஆபத்து உண்டென்றால் எச்சரிக்கலாம், வழிகாட்டியும் தரமான பாகமும் வழங்கலாம். திறன்பேசியையே முடக்குவது எதற்கு? 2021இல் வெளிவந்த ஐபோன் 13இன் திரையை வெளியாள் மாற்றினால் முகத்தை அடையாளம் காணும் வசதி நின்றுபோனது. விமர்சனம் எழுந்த பின், அதே ஆண்டிலேயே அத்தடை மென்பொருள் மூலம் நீக்கப்பட்டது. மென்பொருளால் நீக்கக்கூடிய தடை, தவிர்க்க முடியாத தடையல்ல என்பதற்கு இதுவே சான்று.

இந்தச் சிந்தனை இன்று சட்டமாகி வருகிறது. பிரான்சில் 2021 முதல் திறன்பேசிகளுக்கு, எவ்வளவு எளிதாகத் திருத்தலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி காட்டப்பட்டு வந்தது. அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம், இலக்கங்களைப் பொருத்திப் பாகங்களை முடக்கும் முறையைத் தடைசெய்து 2024இல் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பின்பும் முக்கிய உதிரிப்பாகங்கள் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும் என்கின்றன அவை. இச்சட்டங்கள் இலங்கையில் செல்லுபடியாகா. எனினும் ஒரே மாதிரித் திறன்பேசிகளே பல நாடுகளிலும் விற்கப்படுவதால், அவற்றின் பயன் நம்மையும் எட்டக்கூடும்.

இதில் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. 2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடி 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவு சேர்ந்ததாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் கால் பங்கு கூட முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவில்லை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? புதிதாக வாங்கும்போது கெமராவின் தரத்தை விசாரிப்பதோடு நின்றுவிடாமல், மின்கலமும் திரையும் இங்கு கிடைக்குமா, மாற்ற எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டுகளுக்கு மென்பொருள் இற்றைப்படுத்தல் உண்டு எனவும் கேட்போம். திருத்தக் கொடுக்கும்போது, போடப்படும் பாகம் அசலா மாற்றா என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கேட்போம். மாணவிகள் ஒன்றை மறக்கக் கூடாது. கடையில் கொடுக்குமுன் பாடக் குறிப்புகளையும் படங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ளுங்கள். சில திறன்பேசிகளில், திருத்துபவர் நம் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாதவாறு மறைத்துவைக்கும் ‘பராமரிப்பு முறை’ உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். அந்தரங்கத்தைக் காத்துக்கொண்டே திருத்த முடியும் என்பதையும் அவ்வசதி காட்டுகிறது.

நபி (ஸல்) அவர்கள் தமது காலணியைத் தாமே செப்பனிட்டு, ஆடையையும் தாமே தைத்துக்கொள்பவர்களாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பழுதானதைத் திருத்திப் பாவிப்பது வறுமையின் அடையாளமல்ல. வீண்விரயத்தைத் தவிர்க்கும் நல்ல பழக்கம். லாச்சிக்குள் கிடக்கும் அந்தத் திறன்பேசியை இன்று ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒரு புதிய மின்கலம் போட்டால், தம்பியின் படிப்புக்கு அது இன்னும் சில வருடங்கள் உதவலாம்.