தண்ணீர்க் கட்டணம் ஏன் கூடியது?

ஊரில் கிணற்று நீர் இலவசம். இறைக்க மண்ணெண்ணெய் வாங்கினோம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். களனி ஆற்று நீரை அம்பத்தலையில் சுத்திகரித்து இறைத்து அனுப்ப மின்சாரம் வேண்டும். 2012 முதல் 2022 வரை தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கட்டணத்தை உயர்த்தவில்லை, செலவோ ஏறியது. மின்கட்டணமும் உயரவே, 2022இலும் 2023இலும் தண்ணீர்க் கட்டணம் கூடியது. 2024இல் சற்றுக் குறைந்தது.

மாதப் பாவனை கூடக்கூட, ஓர் அலகின், அதாவது 1,000 லீற்றரின், விலையும் படிப்படியாகக் கூடும். எனவே பல குடும்பங்களுக்கு ஒரே மானி என்றால், சிக்கனமாகப் பாவித்தாலும் உயர்ந்த படிக்கே போகிறோம். பங்குக் காசு கொடுக்குமுன் பட்டியலைக் கேட்டுப் பார்ப்போம். தனி மானி கிடைக்குமா என விசாரிப்போம். வாய்க்கால் உடைப்பை அடைத்த கைகள் நம்முடையவை. ஒழுகும் குழாயையும் விட்டுவைக்கலாகாது.