பஸ்ஸில் யாருக்கு இடம்? குழந்தை வண்டிக்கா, சக்கர நாற்காலிக்கா?

சுப்ரீம் கோர்ட்டு வரை போன நாலடி இடத்தின் கதை

பஸ்ஸில் இடத்துக்காகச் சண்டை வருவது புதிது அல்ல. ஜன்னல் ஓரத்துக்காகச் சண்டை வரும். துண்டு போட்டுப் பிடித்த இடத்துக்காகச் சண்டை வரும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சண்டையும் மறந்து போகும்.

ஆனால் இங்கிலாந்தில் ஒரு பஸ்ஸில் எழுந்த இடத் தகராறு, சுமார் 5 ஆண்டுகள் மறக்கப்படவில்லை. அது மூன்று கோர்ட்டுகளின் படி ஏறியது. கடைசியில் அந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டில் 7 நீதிபதிகள் கூடி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்.

அந்த இடத்தில் இருந்தவர் ஒரு தாய். தள்ளுவண்டியில் குழந்தையைத் தூங்க வைத்திருந்தார். அந்த இடம் தேவைப்பட்டவர் நடக்க முடியாத ஒருவர். சக்கர நாற்காலியில் வந்திருந்தார்.

இந்த இருவரில் யாரைக் கண்டாலும் நாம் எழுந்து இடம் கொடுப்போம். ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம்தான் என்றால் என்ன செய்வது?

அன்று காலை நடந்தது

2012-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி. இங்கிலாந்தின் வடபகுதியில் வெதர்பி என்ற ஊர். அங்கே வசிக்கும் டக் பாலி என்பவர் பஸ் நிலையத்துக்கு வந்தார். அவர் சக்கர நாற்காலியில் செல்பவர்.

அவர் லீட்ஸ் நகருக்குப் போக வேண்டும். அங்கிருந்து ரெயில் பிடித்து ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊருக்குச் சென்று, பெற்றோருடன் மதிய உணவு சாப்பிட வேண்டும். இதுதான் அவருடைய திட்டம்.

பஸ் வந்து நின்றது. சக்கர நாற்காலிக்கு என்று உள்ளே ஓர் இடம் இருந்தது. "சக்கர நாற்காலிக்காரர் வந்தால் தயவு செய்து இடம் விடுங்கள்" என்ற பொருளில் அறிவிப்பும் இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஒரு குழந்தை வண்டி நின்றது.

டிரைவர் அந்தத் தாயிடம், வண்டியை மடித்துக் கொண்டு நகரும்படி கேட்டார். "இந்த வண்டி மடங்காது" என்று சொல்லி அவர் மறுத்து விட்டார்.

அப்போது பாலி ஒரு யோசனை சொன்னார். "என் நாற்காலியை மடித்து வைத்து விட்டு, சாதாரண இருக்கையில் உட்கார்ந்து கொள்கிறேனே" என்றார்.

மடிக்க முன்வந்தவர் யார் பார்த்தீர்களா? நாற்காலிக்காரர்!

டிரைவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. மடித்த நாற்காலியைக் கட்டி வைக்க வழி இல்லை, வளைவு நெளிவான பாதையில் அது ஆபத்து என்றார். பஸ் புறப்பட்டுப் போய் விட்டது.

பாலி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தார். லீட்ஸில் பிடிக்க வேண்டிய ரெயில் போய் விட்டது. சுமார் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஒரு மணி நேரத் தாமதம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், அந்த இடம் பஸ்ஸுக்குள் எப்படி வந்தது என்ற கதையைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

விமானச் சக்கரமும் குழந்தை வண்டியும்

நம் ஊரில் கைக்குழந்தையோடு பஸ் ஏறும் தாய்மார் பலருக்கு இடுப்புதான் வண்டி. உட்கார இடம் இல்லாவிட்டால், உட்கார்ந்திருக்கும் யாரோ ஓர் அம்மாள் கை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக் கொள்வாள்.

மேல்நாடுகளில் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்வது நெடுநாளைய வழக்கம். பழைய வண்டிகள் தொட்டிலுக்குச் சக்கரம் வைத்தது போல் இருக்கும். கனமும் அதிகம். அவற்றைப் பஸ்ஸில் ஏற்றுவது நடக்கிற காரியம் அல்ல.

இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கில என்ஜினீயர். இரண்டாவது உலகப் போரில் பெயர் பெற்ற "ஸ்பிட்பயர்" போர் விமானத்தின் சக்கரக் கால் வேலையில் பங்கு கொண்டவர் அவர்.

விமானம் மேலே போனதும் சக்கரக் கால் மடங்கி உள்ளே போய்விடும். இறங்கும்போது நீளும். கனம் குறைவாகவும் இருக்க வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும். அந்த அனுபவத்தைப் பேரக் குழந்தைக்குப் பயன்படுத்தினார் மெக்லாரன்!

1965-ம் ஆண்டு, அலுமினியக் குழாய்களால் ஒரு தள்ளுவண்டியை அவர் உருவாக்கினார். குடையை மடக்குவது போல மடக்கலாம். எடை 3 கிலோவுக்கும் குறைவு. ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி. தாய்மார்கள் பஸ் ஏறத் தொடங்கினார்கள்.

உயரப் படியும் கண்டக்டரும்

அந்தக் காலத்து லண்டன் பஸ், "ரூட்மாஸ்டர்" என்ற சிவப்பு மாடி பஸ். 1956-ல் ஓடத் தொடங்கியது. பின்பக்கம் கதவே கிடையாது. திறந்த மேடை இருக்கும். அங்கே கண்டக்டர் நிற்பார்.

தாய் வண்டியை மடித்துக் கொண்டு ஏறுவாள். மாடிப் படிக்குக் கீழே சாமான் வைக்கும் மூலை உண்டு. மடித்த வண்டி அங்கே போகும்.

அதனால் தாய்க்கு ஒருவாறு வழி பிறந்தது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அந்தப் பஸ்ஸில் வழியே இல்லை. படியின் உயரம் ஒரு பக்கம். உள்ளே நுழைந்தால் திரும்ப இடம் இல்லாத குறுகிய பாதை ஒரு பக்கம். பஸ் போவதைப் பார்த்துக் கொண்டு தெருவில் இருக்க வேண்டியதுதான்.

எத்தனை காலம் பொறுப்பார்கள்? 1990-களில் இங்கிலாந்தில் மாற்றுத் திறனாளிகள் பஸ்களை மறித்தார்கள். சிலர் தங்கள் கைகளைப் பஸ்ஸோடு சேர்த்து விலங்கிட்டுக் கொண்டார்கள். "எங்களை ஏற்றாத பஸ் நகரக் கூடாது" என்பது அந்தப் போராட்டத்தின் பொருள்.

1995-ல் மாற்றுத் திறனாளிகளுக்கு வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2000-ம் ஆண்டு பஸ்களுக்கு விதிகள் வந்தன. பஸ்ஸில் சக்கர நாற்காலிக்கு 130 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் உள்ள இடம் வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. அதாவது நாலே கால் அடிக்கு இரண்டரை அடி.

இதற்கிடையே தரை தாழ்ந்த பஸ்கள் வந்து விட்டன. பஸ் நிறுத்தத்தில் நின்றதும், சக்கரங்களுக்கு மேல் உள்ள காற்றுப் பைகளில் காற்றைக் குறைத்தால் பஸ் ஒரு பக்கம் தாழும். ஒரு சாய்வுப் பலகை வெளியே வரும். நாற்காலி அதில் உருண்டு உள்ளே போகலாம்.

2005-ம் ஆண்டு இறுதியில் ரூட்மாஸ்டர் பஸ்கள் லண்டனின் வழக்கமான வழித்தடங்களில் இருந்து விடைபெற்றன.

விருந்தாளி வந்தார்

படி இல்லை. உள்ளே காலி இடம் இருக்கிறது. இதைக் கண்டு மகிழ்ந்தவர்கள் நாற்காலிக்காரர்கள் மட்டும் அல்ல. தாய்மார்களும்தான்!

இனி வண்டியை மடிக்க வேண்டியது இல்லை. தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியது இல்லை. நாற்காலி இல்லாத நேரத்தில் வண்டியை அப்படியே அந்த இடத்தில் நிறுத்தலாம் என்று பஸ் நிறுவனங்களும் அனுமதித்தன.

வண்டிகளும் மாறின. மடங்காத வண்டிகளும், பெரிய சக்கரம் வைத்த வண்டிகளும், இரட்டைக் குழந்தை வண்டிகளும் தெருவில் ஓடின.

இப்படியாக, போராடி வாங்கியவர் ஒருவர். அங்கே அதிகமாக நிற்பவர் வேறொருவர் என்று ஆகி விட்டது.

தாயைக் குறை சொல்லவும் மனம் வராது. ஒரு கையில் குழந்தை. மறு கையில் கடைப் பை. பக்கத்தில் புடவைத் தலைப்பைப் பிடிப்பது போலக் கோட்டைப் பிடித்துக் கொண்டு நிற்கும் மூத்த பிள்ளை. ஆடும் பஸ்ஸில் அவள் எந்தக் கையால் வண்டியை மடிப்பாள்? பிரசவத்தில் ஆபரேஷன் நடந்து சில வாரமே ஆன தாயாக இருந்தால்?

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. சிரமப்பட்டாவது குழந்தையை மடியில் தூக்கி வைத்துக் கொள்ளலாம். நாற்காலிக்காரருக்கு அந்த நாற்காலிதான் கால். காலை மடித்து மூலையில் வைத்து விட்டு வா என்று யாரிடம் சொல்ல முடியும்?

இந்த வித்தியாசத்தைத்தான் பாலி கோர்ட்டுக்குக் கொண்டு போனார்.

கேட்டால் போதுமா?

அவர் தாயின் மீது வழக்குப் போடவில்லை. "பர்ஸ்ட் குரூப்" என்ற பஸ் கம்பெனியின் மீது போட்டார்.

கம்பெனியின் வாதம் இதுதான்: "எங்கள் டிரைவர் கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண் மறுத்து விட்டார். அதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய முடியும்?"

லீட்ஸ் கோர்ட்டு 2013-ல் பாலிக்குச் சாதகமாகத் தீர்ப்பு அளித்தது. 5,500 பவுன் நஷ்டஈடு கொடுக்கும்படி சொன்னது.

கம்பெனி அப்பீல் செய்தது. 2014 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளி விட்டது. கேட்டுப் பார்த்தால் போதும், இறங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டியது இல்லை என்றது.

பாலி விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

2017-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி 7 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வெறுமனே கேட்டு விட்டு, மறுத்ததும் விட்டு விடுவது போதாது என்றார்கள்.

மறுப்பவர் நியாயம் இல்லாமல் மறுக்கிறார் என்று டிரைவருக்குத் தோன்றினால், அவர் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். "தயவு செய்து" என்பதை விட்டு, "நகர வேண்டும்" என்று சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால், சில நிமிடம் பஸ்ஸை எடுக்காமல் நிறுத்தி வைக்கலாம்.

பஸ் நின்றால் என்ன ஆகும்? எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஒரு பலம் உண்டு அல்லவா!

ஆனால் மறுப்பவரைப் பிடித்து இறக்கி விட வேண்டும் என்று கோர்ட்டு சொல்லவில்லை. நகர முடியாததற்கு நியாயமான காரணமும் இருக்கலாம் என்பதை நீதிபதிகள் மறக்கவில்லை.

நஷ்டஈடு விஷயத்தில் 4 நீதிபதிகள் ஒரு பக்கமும் 3 பேர் மறு பக்கமும் நின்றார்கள். ஆகவே பாலிக்கு அந்த 5,500 பவுன் கிடைக்கவில்லை. பணம் போனாலும், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்து விட்டது.

இன்று லண்டன் பஸ்களில் விதி தெளிவு. இடம் காலியாக இருந்தால் குழந்தை வண்டி நிற்கலாம். சக்கர நாற்காலி வந்தால் அதற்கே முதல் உரிமை.

மற்ற ஊர்களில்

இந்தச் சிக்கலை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாக அவிழ்க்கிறது.

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்தில், தள்ளுவண்டியில் சிறு குழந்தையோடு வருகிறவருக்குப் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது! வண்டியோடு நடுக் கதவில் ஏறுவார்கள். டிக்கெட்டுக்காகக் குழந்தையைத் தனியே விட்டு விட்டு முன்னால் ஓட வேண்டியது இல்லை.

ஜப்பானில் 2014-ம் ஆண்டு மார்ச்சு மாதம், ரெயிலிலும் பஸ்ஸிலும் வண்டியை மடிக்காமலே ஏறலாம் என்று பொது விதி வகுத்தார்கள். அதற்கு என்று ஒரு படக் குறியையும் அறிவித்தார்கள். எழுத்துத் தெரியாதவரும் புரிந்து கொள்ளலாம்.

நியூயார்க் நகரப் பஸ்களில் நெடுங்காலம் குழந்தையை எடுத்து விட்டு வண்டியை மடித்தே ஆக வேண்டும். தாய்மார்கள் குரல் எழுப்பினார்கள். 2022 செப்டம்பரில் 140-க்கும் மேற்பட்ட பஸ்களில், வண்டிக்கு என்று தனி இடம் குறித்துச் சோதனை தொடங்கியது. பிறகு அது மேலும் பல பஸ்களுக்குப் பரவியது.

தனி இடம் என்பதுதான் நல்ல வழி. இரண்டு பேருக்கு ஓர் இலை போட்டு விட்டு, பந்தியில் சண்டை வருகிறதே என்று வருத்தப்பட்டால் எப்படி?

பஸ்ஸில் வண்டியை நிறுத்துவது எப்படி?

வெளிநாட்டில் இருக்கும் மகளையோ மருமகளையோ பார்க்கப் போகும் பாட்டிமார்கள், பேரக் குழந்தையை வண்டியில் வைத்துப் பஸ் ஏற நேரும். அவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. வண்டி வருவது டிரைவருக்குத் தெரியும்படி முன்கூட்டியே நின்று, கை காட்டுங்கள்.

2. குழந்தையை வாரால் கட்டி விடுங்கள்.

3. குழந்தையின் முதுகு, பஸ் போகும் திசையைப் பார்த்து இருக்கட்டும். திடீர் பிரேக் போட்டால் குழந்தை முன்னால் பாயாது. முதுகு வண்டியில் அழுந்தும். சக்கர நாற்காலிக்காரரும் அங்கே இப்படித்தான் பின்பக்கம் பார்த்து இருப்பார்.

4. வண்டிக்கு உள்ள பிரேக்கைப் போட்டு, கையையும் எடுக்காமல் இருங்கள்.

5. கைப்பிடியில் கனமான பைகளை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்பக்கமாகச் சாயும்.

6. சக்கர நாற்காலி வந்தால், கேட்பதற்கு முன்பே வண்டியை மடியுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்க வெட்கப்படாதீர்கள்.

நமக்கும் வரும் கேள்வி

சென்னையில் தாழ்தளப் பஸ் வேண்டும் என்று மாற்றுத் திறனாளிகளுக்காக ஐகோர்ட்டில் வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்டு மாதம் மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பஸ்களை விட்டது. சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகையும், உள்ளே இடமும் அவற்றில் உண்டு.

கூட்டம் நிறைந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் நிற்பார்கள்? மூட்டை நிற்கலாம். கூடை நிற்கலாம். நாமே கூட நிற்கலாம். காலியாகக் கிடக்கிற இடம் யாருக்கும் உதவட்டும். தவறு இல்லை.

ஆனால் நிறுத்தத்தில் ஒரு சக்கர நாற்காலி தெரிந்தால், கண்டக்டர் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். கோர்ட்டு சொல்லும் வரை காத்திருக்கவே வேண்டாம். நாம் ஓர் அடி நகர்ந்தால், அவருக்கு ஊர் போய்ச் சேர வழி பிறக்கும்.