நத்தைக்கு ஈரச் சாக்கு, நாற்றுக்கு வேப்பங்கொட்டை

மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலைக்கு வந்தவர்கள் நம் முன்னோர். 1977 கலவரத்துக்குப் பிறகு நம்மில் பல குடும்பங்கள் வவுனியா, மன்னார்ப் பக்கம் திரும்பிப்போய்க் காடு வெட்டிக் குடியேறின. லயத்துப் பின்னால் மரக்கறி போடும் நமக்கும், அங்கே தோட்டம் செய்யும் அந்தச் சொந்தங்களுக்கும் இந்த நத்தைச் சமாசாரம் உதவும்.

மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் சொந்த ஊர் ஆபிரிக்கா. அதனால் யாருக்கும் தொல்லையில்லை. அதே ஆபிரிக்காவின் ராட்சத நத்தை அப்படியல்ல. மொறீசியஸிலிருந்து 1847இல் கல்கத்தாவுக்குப் போனது. 1900 அளவில் இலங்கைக்குக் கொண்டுவந்தவர் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை என்பதுதான் வேடிக்கை!

இது ராத்திரியிலதான் மேயும். பகலில் தேடினா கிடைக்காது. வெயில் காலத்தில் ஓட்டு வாயை அடைச்சிக்கிட்டு மண்ணுக்குள் தூங்கும். மழை விழுந்ததும் எழும்பி வந்து, ஒரு தடவைக்கு நூற்றுக்கு மேல் முட்டையிடும். ஆகவே முதல் மழையோடு பிடிக்க வேண்டும். மன்னாரில் அது ஐப்பசி மழை.

பொழுது சாயும்போது நனைத்த சாக்கை வரப்போரம் விரித்து, அதன்கீழ் பப்பாசி இலையைப் போடுங்கள். அந்த இலை என்றால் நத்தைக்கு உயிர். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் கூட்டமாகக் கிடக்கும். வெறுங்கையால் தொடாதீங்க, மூளைக்காய்ச்சல் தரும் புழு அதில் இருக்கலாம். பிள்ளைகளை விளையாட விடவே கூடாது. கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போட்டு, செத்தபின் ஆழமாகப் புதையுங்கள். உப்பைப் பாத்தியில் கொட்டினால் மண் கெட்டுவிடும்.

இளநாற்றைக் காக்க வேம்பு. மலையில் வேம்பு குறைவு, மன்னாரில் தாராளம். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துத் தெளிக்கலாம். பெரிய நத்தை இதில் சாகாது, தின்பதைத்தான் குறைக்கும். மழை கழுவினால் திரும்பவும் அடிக்கணும்.

தேயிலை இனத்து விதைப் பிண்ணாக்கு நத்தையைக் கொல்லும் என்பதும் உண்மைதான். சீனாவில் வயல் நத்தைக்கு அதைப் போடுகிறார்கள். அதிலுள்ள சப்போனின் என்ற நுரைப்பொருள் மீனையும் கொல்லும். இறால் வளர்ப்போர் குளத்து மீனை அழிக்கவே அதைப் பாவிக்கிறார்கள். மன்னார் வயல் வாய்க்கால் தண்ணீர் குளத்துக்கும் களப்புக்கும் போய்ச் சேருவது. அங்கே இருக்கிற சொந்தக்காரருக்குத் தேயிலை விதையை மட்டும் பொறுக்கி அனுப்பிவிடாதீங்க.